சிறையின் மௌனமும் இசையின் குரலும்: சிங்கப்பூர்க் கைதிகளின் வரலாற்றுப் பின்னணியில் ‘சிறைச்சாலை’ திரைப்பட இசை

முன்னுரை

சிறையைக் களமாகக் கொண்ட திரைப்படங்களில் இருவகை ஒலிகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதை நாம் காண்கிறோம். கதவு சாத்தப்படும் ஓசை, விலங்கின் ஓசை, காவலரின் காலடி ஓசை ஆகியவை ஒருவகை. இவை சிறைக்கே உரியவை. கைதியின் செவியில் விழுபவை. இசையமைப்பாளர் வெளியிலிருந்து கொணர்ந்து சேர்க்கும் இசை மற்றொரு வகை. இதனைக் கைதி கேட்பதில்லை. பார்வையாளர் மட்டுமே கேட்கின்றனர். கைதியின் உள்ளத்தில் நிகழ்வதாக நாம் நம்புவனவற்றுள் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை ஒலியின் வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றது. எனவே சிறைத் திரைப்படத்தின் இசை அழகியல் சார்ந்த ஒன்றாக மட்டும் நின்றுவிடுவதில்லை. யாருடைய துன்பம் நினைவுகூரத்தக்கது என்பதை முடிவு செய்யும் ஆற்றலும் அதற்கு உண்டு.

இக்கட்டுரை இளையராஜா இசையமைத்த ‘சிறைச்சாலை’ (1996) என்னும் திரைப்படத்தை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றது. அந்தமான் சிறையைப் பற்றிய அப்படத்தைச் சிங்கப்பூரிலிருந்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. அந்தமானுக்கு முன்பே இந்தியக் கைதிகள் நாடுகடத்தப்பட்ட இடங்களுள் சிங்கப்பூர் முதன்மையானது. இந்நகரின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்களுடைய உழைப்பு இன்றும் நிலைத்திருக்கிறது. அவர்களுடைய குரல் மட்டும் நிலைக்கவில்லை. அவ்வாறு குரல் இழந்தவர்களுக்குத் திரையிசை எதனை வழங்கியது, எதனை வழங்காது விட்டது என்பதே நம் வினா.

சிங்கப்பூரில் தீவாந்தரக் கைதிகள்

1824ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின்படி சுமத்திராவிலிருந்த பென்கூலன் டச்சுக்காரரிடம் சென்றது. அங்கு வைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகள் 1825ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்திலிருந்து தண்டிக்கப்பட்டோரும் வங்காளத்திலிருந்து தண்டிக்கப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். பின்னர் இந்தியாவிலிருந்தும் கைதிகள் நேரே அனுப்பப்பட்டனர். தமிழில் ‘தீவாந்தர சிட்சை’ என்று வழங்கிய தண்டனை இதுவேயாகும். 1860ஆம் ஆண்டையொட்டிச் சிங்கப்பூரில் இருந்த கைதிகளின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைக் கடந்திருந்தது.

அக்காலத்தில் நகரின் பொதுப்பணிகளுக்கு வேண்டிய ஆட்கள் கிடைப்பது அரிது. அக்குறையைக் கைதிகளே நிறைவு செய்தனர். காடு திருத்தி, சதுப்பு நிலத்தைத் தூர்த்து, சாலை அமைத்தவர்கள் அவர்கள். 1833 முதல் பொதுப்பணிக் கண்காணிப்பாளராக விளங்கிய கோல்மன் கைதிகளின் உழைப்பைக் கொண்டே பெருஞ்சாலைகளை உருவாக்கினார். இன்று தேக்கா வட்டாரத்தின் உயிர்நாடியாக விளங்கும் சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியில் அரசின் செங்கல் சூளை இயங்கிற்று; அதிலும் கைதிகளே உழைத்தனர். 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், 1869இல் கட்டி முடிக்கப்பட்டு இன்று இஸ்தானா என வழங்கும் ஆளுநர் மாளிகையும் அவர்கள் கைவண்ணத்தில் எழுந்தவை. தேவாலயத்தின் சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலக்கப்பட்டது. சென்னைச் சுண்ணாம்பு என்று ஆங்கிலேயர் அழைத்த இத்தொழில்நுட்பம் தமிழகக் கொத்தர்களின் மரபறிவோடு தொடர்புடையது.

இக்கைதிகளை ஆளும் முறையும் தனித்தன்மை வாய்ந்ததாக இருந்தது. அவர்கள் ஆறு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டனர். நன்னடத்தையால் மேல்வகுப்புக்கு உயர்ந்தோர் ஏனைய கைதிகளுக்குக் காவலர்களாக அமர்த்தப்பட்டனர். கைதிகளின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய மக்நெயர், பெய்லிஸ் என்பாருடன் இணைந்து 1899இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘கைதிகளே தமக்குக் காவலர்’ என்னும் பொருளுடையதாகும். விடுதலை பெற்றோருட் பலர் தாயகம் திரும்பாது மாட்டுவண்டி ஓட்டியும் பசு வளர்த்தும் சிறுதொழில் செய்தும் இங்கேயே நிலைத்தனர்.

1857ஆம் ஆண்டு இந்தியாவில் எழுந்த கிளர்ச்சி இம்முறையின் போக்கை மாற்றியது. கிளர்ச்சியாளர்கள் சிங்கப்பூருக்கு அனுப்பப்படுவரோ என அஞ்சிய ஐரோப்பியக் குடியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1858இல் போர்ட் பிளேயரில் புதிய தண்டனைக் குடியேற்றம் தொடங்கப்பட்டது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து பிரித்தானிய முடியாட்சியின் நேரடிக் குடியேற்றம் ஆயின. 1873இல் பிராஸ் பாசாவிலிருந்த கைதிகளின் சிறை மூடப்பட்டு, எஞ்சியோருட் பலர் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். சிங்கப்பூரும் அந்தமானும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள் என்பது இதனால் விளங்கும். கைதிகளைக் கொண்டே கைதிகளைக் காக்கும் முறையும் அந்தமான் சென்றது. அது அங்கு எவ்வுருக் கொண்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆவணங்களில் கைதியின் ஒலி

இவ்வரலாற்றை நாம் அறிவதற்குத் துணைபுரிவன அதிகாரிகளின் அறிக்கைகளும் செய்தித்தாள்களும் ஆகும். எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் தப்பினர், என்ன பணி செய்தனர், எவ்வளவு செலவாயிற்று என்பன அவற்றுள் உள்ளன. கைதிகள் தம் துன்பத்தைத் தாமே எழுதிவைத்த பதிவைக் காண்பது மிக அரிது. அவர்கள் பாடிய பாட்டு, சொல்லிய கதை, பணியிடத்தில் எழுப்பிய ஏலோசை முதலியவற்றை அறிக்கை எழுதியோர் பொருட்படுத்தவில்லை.

ஒரே ஓர் இடத்தில் அவர்களுடைய இசை ஆவணத்துள் நுழைகின்றது. முஹர்ரம் முதலிய விழாக்களின்போது கைதிகள் வாத்திய முழக்கத்துடன் ஊர்வலம் செல்வதற்கு நிருவாகம் ஒருகாலத்தில் இசைவளித்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியக் குடியினர் இதற்கு எதிராக முறையிட்டனர். பின்னர் ஊர்வலங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. முறையிட்டோரின் சொற்கள் வழியாகவே நாம் அவ்விசையை அறிகிறோம். கைதிகளின் கொண்டாட்டம் ஆவணத்தில் தொல்லையாகவே பதிவாகியுள்ளது. ஆவணத்தின் செவி யாருடையது என்பதை இச்செய்தி தெளிவுபடுத்துகின்றது. இந்த மௌனத்தை நிரப்பும் பணியைப் பிற்காலத்தில் மேற்கொண்ட கலைகளுள் திரைப்படம் குறிப்பிடத்தக்கது.

தமிழ்த் திரையில் சிறையும் இசையும்

தமிழ்ச் சூழலில் சிறைத்துன்பம் என்றவுடன் நினைவுக்கு வரும் காட்சி, கோயம்புத்தூர்ச் சிறையில் வ. உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்த காட்சியாகும். அதனைத் திரையில் நிலைநிறுத்திய படம் பி. ஆர். பந்துலுவின் ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961). ஜி. இராமநாதன் இசையமைத்த இப்படத்தின் பாடல்கள் பாரதியாருடையவை. அதனால் சிறைப்பட்ட தலைவரின் உணர்வு தனிமனித உணர்வாக நின்றுவிடாமல், தமிழர் முன்பே மனப்பாடமாக அறிந்த கவிதையோடு ஒன்றிப் பொதுவுணர்வாகிறது. இங்கு இசையமைப்பாளர் புதிதாக ஒரு குரலைப் படைக்கவில்லை. நாட்டுக்கு உரிமையாகிவிட்ட குரலைச் சிறைக்குள் கொண்டு செல்கிறார்.

மூன்று பத்தாண்டுகளுக்குப் பின் வந்த ‘மகாநதி’ (1994) வேறொரு சிறையைக் காட்டுகிறது. சந்தான பாரதி இயக்கி, கமல்ஹாசன் நடித்து, இளையராஜா இசையமைத்த இப்படத்தின் நாயகன் தியாகி அல்லன். நகரத்தில் வஞ்சிக்கப்பட்டுக் குற்றவாளியாக்கப்பட்ட காவிரிக்கரை மனிதன். திருவரங்கத்தையும் ஆற்றையும் பாடும் இசை அவனுடைய இழந்த உலகிற்கு உரியது. சிறைக்கு வெளியே செழித்திருக்கும் இசை உள்ளே மெலிந்து போவதால் இழப்பின் அளவு நமக்குப் புலப்படுகிறது.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. சிறந்த ஒலிப்பதிவுக்கான இந்தியத் தேசிய விருதை 41ஆம் விருது விழாவில் ‘மகாநதி’ பெற்றது. 43ஆம் விழாவில் அதே விருதைப் பெற்றது ‘காலாபானி’, அதாவது தமிழில் ‘சிறைச்சாலை’ என வெளிவந்த படம். இரண்டு ஆண்டு இடைவெளியில் இரு சிறைப்படங்கள் ஒலிக்காகப் போற்றப்பட்டமை தற்செயலாக இருக்கலாம். ஆயினும் சிறையைச் சித்திரிப்பதில் ஒலிக்கு இருக்கும் முதன்மையை இது நினைவூட்டுகிறது. பார்வை சுவரோடு நின்றுவிடும். ஒலியே சுவரைக் கடந்து செல்லும்.

‘சிறைச்சாலை’: இசை ஆற்றும் பணி

பிரியதர்ஷன் இயக்கத்தில் மலையாளத்தில் உருவாகி, தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளிலும் 1996இல் வெளிவந்த படம் இது. சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவையும் சாபு சிரில் கலையையும் ஏற்றனர். இருவரும் தேசிய விருது பெற்றனர். மலையாளப் பாடல்களைக் கிரீஷ் புத்தஞ்சேரியும் தமிழ்ப் பாடல்களை அறிவுமதியும் இயற்றினர். கோவர்த்தனன் என்னும் மருத்துவர் செய்யாத குற்றத்திற்காகத் திருமண நாளிலேயே பிடிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்படுகிறார். அவருடைய மனைவி பார்வதி காத்திருக்கிறார். நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, உறவினரான இளம் படை அலுவலர் ஒருவர் அந்தமான் சென்று கோவர்த்தனன் வரலாற்றைத் தேடி அறிகிறார். மோகன்லால், தபு, பிரபு, அம்ரிஷ் பூரி முதலியோர் நடித்துள்ளனர்.

இளையராஜாவின் இசை இப்படத்தில் ஆற்றும் பணிகளை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, காலங்களை இணைத்தல். படத்தில் மூன்று காலங்கள் உள்ளன: தேடிச்செல்பவரின் காலம், சிறைக்காலம், சிறைக்கு முற்பட்ட இல்லறக் கனவின் காலம். வரலாற்றாசிரியர் ஆவணத்திலிருந்து கடந்த காலத்திற்குச் செல்வதைப் போன்றே படை அலுவலரும் சிறைப் பதிவேட்டிலிருந்து கோவர்த்தனனை நோக்கிச் செல்கிறார். பதிவேடு தருவன பெயரும் எண்ணும் தண்டனையுமே. அவற்றுக்கு உயிரூட்டும் பணி இசையிடம் விடப்படுகிறது. ‘செம்பூவே’ எனத் தொடங்கும் பாடல் முதலாகக் காதற்பாடல்கள் யாவும் தாயகத்தின் பசுமையில் படமாக்கப்பட்டுள்ளன. சிறையின் கல்லையும் இருளையும் கண்ட கண்ணுக்கு அப்பசுமை மீட்கவியலாத ஒன்றாகத் தோன்றுகிறது. வழக்கமான காதற்பாடல் எதிர்கால இன்பத்தை நோக்கி நிற்கும். இப்படத்தின் காதற்பாடல்கள் நிகழாமற்போன வாழ்க்கையின் பதிவுகளாக நிற்கின்றன. பார்வதியின் காத்திருப்பு படத்தில் பெரும்பாலும் சொல்லால் கூறப்படுவதில்லை. இசையே அதனைச் சுமக்கிறது. நாடுகடத்தப்பட்டவரின் வரலாறு என்பது கரையில் நின்றவரின் வரலாறும் ஆகும் என்னும் உண்மையை இவ்வகையில் அவ்விசை காத்து நிற்கிறது. சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட கைதிகளின் மனைவியர் பற்றிப் பேசாத ஆவணங்களுக்கு முன் இது சிறிய பணி அன்று.

இரண்டாவது, மொழிகளைக் கடத்தல். ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் படம் மாற்றப்படும்போது உரையாடல் மாறுகிறது. பாடலின் சொற்களும் மாறுகின்றன. பின்னணி இசை அவ்வாறு மொழிபெயர்க்கப்பட வேண்டிய தேவை இல்லை. இளையராஜா படத்தொகுதியைப் பார்த்துப் பின்னணி இசையைக் குறியீடுகளாக எழுதி வாத்தியக் கலைஞரிடம் வழங்கும் முறையினர். ‘சிறைச்சாலை’க்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இலண்டன் ராயல் பில்ஹார்மானிக் குழுவினரைக் கொண்டு சிம்பொனி ஒன்றைப் பதிவு செய்தவர். நரம்பிசைக் கருவிகளின் திரட்சியும் கூட்டுக்குரலும் இப்படத்தின் இசையில் மிகுந்திருப்பதற்கு அப்பயிற்சி துணைநின்றது எனலாம். அதே வேளையில் நாட்டுப்புற மெட்டுகளின் எளிமையும் உடன் நிற்கின்றது. அந்தமான் சிறை பன்மொழியாளர் ஒருங்கே அடைக்கப்பட்ட இடம். சிங்கப்பூர்ச் சிறையும் அவ்வாறே தமிழரும் வங்காளியரும் பஞ்சாபியரும் பிறரும் கலந்து வாழ்ந்த இடம். அத்தகைய இடத்தின் பொதுமொழியாகத் திரையில் இசை அமைவது பொருத்தமுடையது.

மூன்றாவது பணியே நம் ஆய்வுக்கு முதன்மையானது. அந்தமானின் கூண்டுச்சிறை 1896இல் தொடங்கப்பட்டு 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. நடுவிலுள்ள கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் விரிந்து செல்லுமாறு அது அமைக்கப்பட்டது. ஒரு சிறகின் முன்புறம் அடுத்த சிறகின் பின்புறத்தை நோக்கி இருக்கும். ஒவ்வொரு கைதிக்கும் தனியறை. ஒருவர் மற்றொருவரைக் காணாமலும் பேசாமலும் இருக்கச் செய்வதே அக்கட்டடத்தின் நோக்கம். சிங்கப்பூரில் கைதிகள் பெருங்கூடங்களில் ஒருங்கே உறங்கி, நகரெங்கும் சென்று உழைத்தனர். அந்தமானின் புதிய சிறை அக்கூட்டுவாழ்வை முற்றாக அழிக்க எழுந்தது.

இத்தகைய கட்டடத்தின் மீதுதான் இளையராஜா கூட்டுக்குரலை ஒலிக்கச் செய்கிறார். ‘வந்தே மாதரம்’ என்னும் முழக்கத்தை மையமாகக் கொண்ட பாடலில் பல குரல்கள் ஒருங்கே எழுகின்றன. எதனைத் தடுப்பதற்காகச் சிறை கட்டப்பட்டதோ அதனையே இசை திரும்பத் தருகிறது. வரலாற்று நிகழ்ச்சி என்ற அளவில் இது மிகை எனத் தோன்றலாம். தனித்தனி அறைகளில் அடைபட்டோர் இத்துணை ஒருங்கிசைந்து பாடியிருக்க இயலாது. எனினும் தனிமைச் சிறையின் கொடுமை யாது என்பதை நமக்கு உணர்த்துவது அதற்கு நேர்மாறான இந்தக் கூட்டொலியே ஆகும். ஒன்றாய் எழும் குரலைக் கேட்டபின் தனியறையின் அமைதி நமக்கு வேறாகக் கேட்கிறது.

இசை எவரைச் சேர்க்கவில்லை?

இவ்வாற்றல் மிக்க இசையிடம் ஒரு வினாவையும் நாம் எழுப்ப வேண்டியுள்ளது. இக்கூட்டுக்குரலில் எல்லாக் கைதிகளும் இடம்பெறுகின்றனரா?

படத்தில் அம்ரிஷ் பூரி ஏற்ற மிர்சா கான் என்னும் பாத்திரம் வரலாற்றில் வாழ்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கியது. கூண்டுச்சிறையில் சிறையதிகாரி டேவிட் பாரியின் கீழ் இருந்த அம்மனிதரும் கைதியாக வந்து காவலராக உயர்ந்தவரே. சிங்கப்பூரில் மக்நெயர் பெருமிதத்துடன் எழுதிய ‘கைதிகளே தமக்குக் காவலர்’ என்னும் முறை அந்தமானில் கொண்ட முகம் இது. படத்தின் பின்னணி இசை அவரைச் சூழ அச்சத்தையே பரப்புகிறது. அவர் எங்கிருந்து வந்தார், எத்தனை ஆண்டுச் சிறைவாழ்வு அவரை இவ்வாறு ஆக்கியது என்னும் வினாக்களுக்கு இசையில் இடமில்லை. நாடகத்திற்குத் தீயவர் ஒருவர் தேவைப்படுவது இயல்பு. ஆயினும் கைதியைக் கைதிக்கு எதிராக நிறுத்திய ஆட்சிமுறை பின்னுக்குச் செல்ல, தனிமனிதரின் கொடுமை முன்னுக்கு வருவதை நாம் கவனிக்க வேண்டும்.

அரசியல் கைதிக்கு நாட்டுப்பற்று என்னும் பெருங்கதை துணைநிற்கிறது. திருட்டு, கொள்ளை, கொலை முதலிய குற்றங்களுக்காக நாடுகடத்தப்பட்டவருக்கு அத்தகைய கதை கிடையாது. சிங்கப்பூரின் சாலைகளை அமைத்தோர் பெரும்பாலும் இத்தகையோரே. அவர்களை முன்னோர் எனக் கொண்டாடத் தயங்குகிறோம். அவர்களுக்காக மெட்டமைத்தாரும் இலர். சிங்கப்பூரிலேயே இவ்வேறுபாட்டுக்குச் சான்று உண்டு. 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் இங்குக் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் 47 பேர் ஊட்ரம் சிறையருகே பொதுமக்கள் காணச் சுடப்பட்டனர். பலர் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை பெற்றனர். அக்கிளர்ச்சியை வரலாற்றாசிரியர் மீண்டும் மீண்டும் எழுதியுள்ளனர். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு செங்கல் சூளையில் உழைத்தவர்கள் பற்றிய எழுத்து ஒப்பீட்டளவில் குறைவே. தியாகமும் கிளர்ச்சியும் நினைவில் தங்குகின்றன. நாள்தோறும் நிகழ்ந்த உழைப்பு மறக்கப்படுகிறது. திரையிசை இப்போக்கைத் தோற்றுவிக்கவில்லை; ஆனால் அதனை வலுப்படுத்துகிறது.

2016: சிங்கப்பூர்த் திரையின் இரு மறுமொழிகள்

இருபது ஆண்டுகள் கழித்து, 2016இல் சிங்கப்பூரிலிருந்து வந்த இரு படங்கள் சிறையையும் இசையையும் வேறுவகையில் இணைத்தன. இரண்டும் அவ்வாண்டு கான் திரைப்பட விழாக்காலத்தில் அங்குத் திரையிடப்பட்டன.

பூ ஜுன்ஃபெங் இயக்கிய ‘அப்ரெண்டிஸ்’ பெரும்பாலும் மலாய் மொழியில் அமைந்தது. தூக்கிலிடப்பட்ட ஒருவரின் மகன் சிறை அலுவலராகி, தன் தந்தையைத் தூக்கிலிட்ட முதியவரிடமே அத்தொழிலைக் கற்கும் நிலைக்கு வருவது அதன் கதை. அலெக்சாண்டர் செக்கே, மேத்யூ ஜேம்ஸ் கெல்லி ஆகியோரின் இசை அடங்கிய தன்மையுடையது. கதவு, சாவி, கயிறு ஆகியவற்றின் ஒலிகளுக்கு அது வழிவிடுகிறது. யாருக்காக இரங்க வேண்டும் என்பதை இசை நமக்குக் கூறிவிடுவதில்லை. தண்டனையை நிறைவேற்றுபவரும் மனிதராகவே தோன்றுகிறார். ‘சிறைச்சாலை’யின் இசை மிர்சா கானுக்கு வழங்காத ஒன்றை, இசையின் அடக்கம் இங்கு முதியவருக்கு வழங்குகிறது. அதனால் அவர் செய்யும் தொழில் நமக்கு மேலும் அச்சந்தருவதாகிறது.

கே. ராஜகோபால் இயக்கிய ‘எ யெல்லோ பேர்ட்’ சிறையிலிருந்து வெளிவந்த சிவா என்னும் சிங்கப்பூர் இந்தியரைப் பற்றியது. சிவகுமார் பாலகிருஷ்ணன் அப்பாத்திரத்தை ஏற்க, சீமா பிஸ்வாஸ் தாயாக நடித்தார். தாய் மன்னிக்க மறுக்கிறார். மனைவியும் மகளும் எங்குள்ளனர் என்பதும் தெரியவில்லை. சிவாவுக்குக் கிடைக்கும் வேலை சீனர் இறுதிச்சடங்கு இசைக்குழுவில் ஒன்று. சிறை மீண்ட தமிழர் அயலார் வீட்டுச் சாவுக்குத் தாளமிடுகிறார்! இறப்புக்கு முழங்கும் பறையின் சமூக வரலாற்றை அறிந்த தமிழ்ப் பார்வையாளர்க்கு இக்காட்சி பலவற்றை நினைவூட்டும்.

இங்கு இசை பாத்திரத்தின் உள்ளத்தை விளக்க வெளியிலிருந்து வருவதன்று. அது கூலிக்குச் செய்யப்படும் வேலை. தன் துயருக்கு இசையில்லாத ஒருவர் பிறர் துயருக்கு இசை தருகிறார். சிங்கப்பூருக்கு வந்த பழைய கைதிகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பிறர் வழிபடத் தேவாலயம் கட்டினர். பிறர் நடக்கச் சாலை அமைத்தனர். இயக்குநர் இவ்வொப்புமையை எண்ணியிருந்தார் என்று நாம் கூறவில்லை. கைதிகளின் வரலாற்றை அறிந்தபின் அப்படத்தைக் காண்போர்க்கு இது தோன்றாமல் இராது என்பதே நம் கருத்து.

வகுப்பறையில் திரையிசை

இவ்வாய்வு தமிழாசிரியர்க்கும் பயன்படத்தக்கது. வரலாற்றை மாணவர்க்கு உணர்த்தத் திரைப்படக் காட்சிகளைப் பயன்படுத்துவது இன்று பெருகியுள்ளது. அவ்வாறு காட்டும்போது இசை மாணவரின் தீர்ப்பைத் தமக்கு முன்னரே வழங்கிவிடுகிறது என்பதை ஆசிரியர் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரே காட்சியை முதலில் ஒலியின்றியும் பின்னர் ஒலியுடனும் காட்டி, இசை எதனைச் சேர்த்தது என்று வினவலாம். இசை யாருடன் நிற்கிறது, யாரைக் கண்டதும் மாறுகிறது, யார் தோன்றும்போது இசையே இல்லை என்னும் மூன்று வினாக்கள் போதுமானவை. மூன்றாவது வினாவே மாணவரை வரலாற்றை நோக்கி அழைத்துச் செல்லும்.

சிங்கப்பூர் மாணவர்க்கு இதற்கான களம் அருகிலேயே உள்ளது. தேக்காவில், கேம்பல் சந்தில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் தென்கிழக்காசிய இந்தியரின் வரலாற்றை எடுத்துரைக்கிறது. அங்கிருந்து பிராஸ் பாசா வரை நடந்து செல்லக்கூடிய தொலைவே. பழைய சிறை இன்று அங்கில்லை. ஆனால் அதில் வாழ்ந்தோர் கட்டிய தேவாலயம் அதற்கு அண்மையில் வெண்ணிறத்துடன் நிற்கிறது. கைதிகள் அரைத்த சுண்ணாம்பைப் பற்றிப் படித்தபின் அதன் முன் நிற்கும் மாணவர் கட்டடத்தை வேறு கண்ணால் காண்பர்.

முடிவுரை

‘சிறைச்சாலை’ படத்தின் இசை, பதிவேட்டில் பெயராகவும் எண்ணாகவும் எஞ்சியோருக்கு உள்ளத்தைத் தந்தது. கரையில் காத்திருந்தோரை வரலாற்றுக்குள் கொணர்ந்தது. தனிமைக்கெனக் கட்டப்பட்ட சிறைக்குள் கூட்டுக்குரலை ஒலிக்கச் செய்தது. இவை ஆவணங்களால் இயலாதவை. அதே இசை தியாகியின் பக்கம் நின்றமையால் பெயரற்ற குற்றவாளியும் காவலராக்கப்பட்ட கைதியும் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். 2016இல் வந்த சிங்கப்பூர்ப் படங்கள் இசையைக் குறைத்தும் கூலிவேலையாக்கியும் அவ்வெல்லைக்கு வெளியே நின்றோரை நோக்கித் திரும்பின.

சிங்கப்பூருக்குக் கைதிகள் முதன்முதல் வந்து 2025ஆம் ஆண்டோடு இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. அவர்களுடைய கதை தமிழில் முழுமையான திரைப்படமாக எடுக்கப்படுமாயின், அதன் இசையமைப்பாளர் கடினமான பணி ஒன்றை எதிர்கொள்வார். தியாகி என்று போற்ற இயலாத, குற்றவாளி என்று ஒதுக்கவும் இயலாத மனிதருக்கு அவர் மெட்டமைக்க வேண்டியிருக்கும். அம்மெட்டு எத்தகையதாக அமையும் என்பதை முன்னரே கூற இயலாது. அதற்கு வேண்டிய வரலாற்றை எழுதி வைப்பது நம் கடமையாகும்.